பழைய பாறைக்குள் புதிய பாறை: குமரி மாவட்டப் பாறைகளில் ஊடுருவல்களும் அவற்றின் வயதும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் சாலைக்காக வெட்டிய குன்றின் பக்கத்தையோ கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியின் சுவரையோ நின்று பார்ப்பவர்களுக்கு, கருநீலமும் சாம்பலும் கலந்த பாறையின் குறுக்கே வெளிறிய பட்டை ஒன்று ஓடுவது அடிக்கடி கண்ணில் படும். சில இடங்களில் அந்தப் பட்டை ஒரு விரல் அகலமே இருக்கும், சில இடங்களில் ஓர் ஆள் உயரத்தையும் தாண்டும். தென்னிந்தியாவின் வேறு சில பகுதிகளில் இதே போன்ற பட்டைகள் கறுப்பாக, கிலோமீட்டர் கணக்கில் நீண்டு செல்கின்றன. இவற்றைக் காண்போர் மனத்தில் எழும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு. இவை எரிமலையிலிருந்து வந்தவையா என்பது ஒன்று, சுற்றியுள்ள பாறையைவிட இவை எவ்வளவு இளையவை என்பது மற்றொன்று. புவியியலை இதுவரை படித்திராத ஒருவரும் இவற்றுக்கான விடைகளைத் தொடர்ந்து செல்ல முடியும்.

குமரி மாவட்டத்தில் எரிமலை வாயோ எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த தரையோ இல்லை. பாறை உருகி உண்டாகும் குழம்பு, நிலத்தின் மேற்பரப்பை உடைத்துக்கொண்டு வெளியேறினால்தான் எரிமலை உண்டாகிறது. மகாராஷ்டிரத்தின் தக்காண பீடபூமியில் அடுக்கடுக்காகக் கிடக்கும் பசால்ட் பாறைகள் அப்படி வெளியே வந்து உறைந்தவை. வெளியே வராமல் நிலத்துக்குள்ளேயே, ஏற்கெனவே இருந்த பாறையின் வெடிப்புகளிலும் இடைவெளிகளிலும் புகுந்து உறைந்துபோன குழம்பை ஊடுருவல் என்று சொல்கிறோம். பிறப்பிடம் ஒன்றாக இருந்தாலும் உறைந்த இடம் வேறு என்பதால் தோற்றமும் வேறாகிவிடுகிறது. மேற்பரப்பில் காற்றும் நீரும் பட்டு விரைவாகக் குளிர்ந்த குழம்பில் படிகங்கள் வளர நேரம் கிடைப்பதில்லை. ஆழத்தில் மெல்லக் குளிர்ந்த குழம்பில் அவை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு, சில வேளைகளில் உள்ளங்கை அகலத்துக்குக்கூட, வளர்ந்துவிடுகின்றன. ஆகவே இவற்றை எரிமலைப் பாறை என்று அழைப்பது பேச்சு வழக்கில் புரிந்துகொள்ளக்கூடியதே ஆனாலும், ஊடுருவல் என்ற சொல்லையே பயன்படுத்துவது நல்லது என்பது என் கருத்து. எல்லாக் கறுப்புக் கல்லையும் எரிமலையோடு சேர்த்துவிடும் பழக்கம், நம் மாவட்டத்தின் பாறைகளைப் புரிந்துகொள்வதற்குப் பெரிய தடையாக இருக்கிறது.

ஊடுருவல்களுக்கு அவற்றின் வடிவத்தை வைத்துப் பெயரிடுகிறார்கள். பாறையின் அடுக்குகளையும் வரிகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு, சுவர் போல எழுந்து நிற்பது டைக். வரிகளுக்கு இணையாகப் புகுந்து படிந்திருப்பது சில். கூர்மையான பெரிய படிகங்களாக குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் என்னும் வெளிறிய கனிமங்களும், இடையிடையே தகடு தகடாக மைக்காவும் கொண்ட வெளிறிய கொடிகள் பெக்மடைட். குமரி மாவட்டத்தில் எளிதில் காணக் கிடைப்பது இந்தக் கடைசி வகைதான்.

ஊடுருவலின் வயதைப் பேசுவதற்கு முன் அது எதற்குள் ஊடுருவியது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து மேற்கே வரும்போது இருபுறமும் தெரியும் மலைகளும், மருந்துவாழ் மலையும், கடலுக்குள் நிற்கும் விவேகானந்தர் பாறையும் உருமாறிய பாறைகளால் ஆனவை. அதாவது, முதலில் ஒரு வகைப் பாறையாக இருந்து, பின்னர் பூமியின் ஆழத்தில் கடுமையான வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ளாகி, உருகி ஓடிவிடாமலேயே கனிமங்கள் மாறி வேறு பாறையாகிவிட்டவை. நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பகுதியில் இவற்றுள் முதன்மையானது சார்னோக்கைட். சென்னை பரங்கிமலை, பல்லாவரம் பகுதியின் பாறையை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல் இதே பாறையால் ஆனது என்பதால் 1893-இல் இந்தப் பெயரைச் சூட்டினார். மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலும் அதற்கு அப்பால் திருவனந்தபுரம் வரையிலும் கோண்டலைட் என்னும் இன்னொரு வகை மிகுதியாக உண்டு. அது தொடக்கத்தில் களிமண் மிகுந்த கடற்படிவாக இருந்தது. அந்தக் களிமண்ணே இன்று சிவந்த கார்னெட், ஊசி போன்ற சில்லிமனைட் என்னும் கனிமங்களாகவும், அதோடு படிந்திருந்த உயிர்ப்பொருளின் கரி கறுத்த கிராஃபைட்டாகவும் மாறி நிற்கின்றன.

இந்தப் பாறைகள் உருமாறியது 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 800 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரையிலான, சில இடங்களில் அதற்கும் மேலான வெப்பத்தில். அது நடந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இன்றைய தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, கிழக்கு அண்டார்க்டிகா ஆகிய நிலப்பகுதிகள் ஒன்றோடொன்று மோதி இணைந்து கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவான காலம் அது. ஆனால் நாகர்கோவில் பகுதியின் சார்னோக்கைட் அதற்கு வெகு முன்பே, சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பாறைக் குழம்பாக இருந்து உறைந்திருக்கிறது. இதைப் படிப்பவர்கள் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நாம் பழைய பாறை என்று எண்ணும் இதுவே ஒரு காலத்தில் ஓர் ஊடுருவலாக இருந்ததுதான். உறைந்ததற்கும் உருமாறியதற்கும் இடையில் ஏறத்தாழ 145 கோடி ஆண்டுகள் கடந்திருக்கின்றன. எனவே இந்தப் பாறையின் வயது என்ன என்று கேட்பவரிடம், நீங்கள் கேட்பது பிறந்த வயதா, உருமாறிய வயதா என்று திருப்பிக் கேட்டாக வேண்டும்.

அடுத்ததாக, ஊடுருவும் குழம்பு எங்கிருந்து வருகிறது? பூமியின் உட்புறம் முழுவதும் குழம்பாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. மேலோட்டுக்குக் கீழே உள்ள மூடகம் என்னும் பகுதி மிகுந்த வெப்பத்தில் இருந்தாலும், மேலிருந்து வரும் அழுத்தத்தால் பெரும்பாலும் திடமாகவே இருக்கிறது. கண்டம் இழுபட்டு மெலியும்போது அந்த அழுத்தம் குறைகிறது. அப்போது மூடகப் பாறையின் ஒரு சிறு பங்கு உருகி, ஏறத்தாழ 1200 டிகிரி வெப்பத்துடன் மேலேறி, மேலோட்டின் வெடிப்புகளை நிரப்புகிறது. டோலரைட் என்னும் கறுத்த டைக்குகள் இப்படிப் பிறந்தவை. அவற்றின் வேதிப் பொருள் பசால்ட்டின் பொருளேதான். இரும்பும் மக்னீசியமும் மிகுந்திருப்பதால் அவை கறுப்பாகவும் கனமாகவும் இருக்கின்றன.

வெளிறிய கொடிகளின் கதை வேறு. அவற்றுள் பல, தாம் வெட்டிச் செல்லும் பாறையிலிருந்தே, அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருந்த உறவுப் பாறையிலிருந்தே பிறந்தவை. பாறை 800 டிகிரியை நெருங்கும்போது அதிலுள்ள பயோடைட் என்னும் கறுத்த மைக்கா சிதைகிறது. மைக்காவின் படிக அமைப்புக்குள் கட்டுண்டிருக்கும் நீர், பக்கத்திலுள்ள குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் உருகத் துணையாகிறது. இப்படித் துளித்துளியாக உருகியது ஒன்றுசேர்ந்து, அழுத்தம் குறைந்த பக்கமாக நகர்ந்து, கிரானைட் கொடியாக உறைகிறது. ஒரே வெட்டுமுகத்தில் சில கொடிகள் பாறையின் வரிகளோடு கலங்கலாகக் கரைந்து போவதையும், வேறு சில கூர்மையான விளிம்போடு வரிகளை வெட்டிச் செல்வதையும் சேர்ந்தே காணலாம். முன்னவை பாறை சூடாகவும் நெகிழ்ந்தும் இருந்தபோது தோன்றியவை. பின்னவை அது இறுகி, உடையக்கூடிய நிலைக்கு வந்த பிறகு புகுந்தவை. இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளப் பழகிவிட்டால், எந்தக் கருவியும் இல்லாமலேயே நிகழ்வுகளின் வரிசையை ஓரளவு சொல்லிவிட முடியும்.

வரிசையைச் சொல்வதற்கான அடிப்படை விதி மிக எளியது: வெட்டுவது இளையது, வெட்டுப்படுவது மூத்தது. வீட்டுச் சுவரைக் குடைந்து பதித்த மின்குழாய், சுவர் எழும்பிய பிறகே வந்திருக்க வேண்டும் என்பதற்கு எவரும் சான்று கேட்பதில்லை. இதுவும் அப்படித்தான். ஸ்காட்லாந்தின் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், கறுத்த உருமாறிய பாறைக்குள் சிவந்த கிரானைட் கொடிகள் கிளைவிட்டு ஓடுவதை 1785-இல் கண்ட அந்நாட்டுப் புவியியலாளர் ஜேம்ஸ் ஹட்டன், கிரானைட் ஒரு காலத்தில் குழம்பாக இருந்தது, சுற்றியுள்ள பாறைக்குப் பிந்தியது என்ற இரண்டு முடிவுகளுக்கும் அங்கேயே வந்தார். எல்லாப் பாறைகளிலும் கிரானைட்டே மூத்தது, அது ஆதிக் கடல்நீரிலிருந்து படிந்தது என்று அறிஞர்கள் பலர் நம்பிய காலம் அது.

வெட்டிச் செல்வதோடு வேறு சில அடையாளங்களும் உண்டு. குளிர்ந்த பாறைக்குள் சூடான குழம்பு புகும்போது விளிம்பில் உள்ள குழம்பு உடனே உறைந்து, மணி மணியாகப் பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு நுண்ணிய கல்லாகிவிடும். நடுப்பகுதியோ மெல்லக் குளிர்ந்து பருமணியாக இருக்கும். ஒரு டைக்கின் குறுக்கே ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கைவில்லை என்னும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பார்த்துக்கொண்டே போனால் இந்த மாற்றம் தெரியும். விளிம்பில் இத்தகைய நுண்மணிப் படலம் இருந்தால், குழம்பு வந்தபோது சுற்றுப்பாறை ஏற்கெனவே குளிர்ந்து, மேற்பரப்புக்கு ஓரளவு அருகில் வந்திருந்தது என்று கொள்ளலாம். படலம் இல்லாவிட்டால் சுற்றுப்பாறையும் அப்போது சூடாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். பெக்மடைட் கொடிகள் பலவற்றில் ஓரம்வரை பெரிய படிகங்களே காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம், குழம்பில் நீர் மிகுந்திருந்தது மற்றொரு காரணம். ஊடுருவலுக்குள் பழைய பாறையின் துண்டுகள் சிக்கியிருந்தால் அதுவும் நல்ல சான்று. சிக்கிய துண்டு சிக்கவைத்த குழம்பைவிட மூத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் கறுத்த பட்டை எல்லாம் இளைய டைக் என்று எண்ணிவிடக் கூடாது. தொடக்கநிலையில் உள்ளவர்கள் மிக எளிதாகச் சறுக்கும் இடம் இது. 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த உருமாற்றத்துக்கு முன்பே புகுந்த டைக்குகளும் இருக்கலாம். சுற்றுப்பாறையோடு சேர்ந்து அவையும் வெந்து, மடிந்து, இழுபட்டிருக்கும். அவற்றின் அகலம் சீராக இராது. இழுபட்ட இடத்தில் மெலிந்தும், அறுந்து துண்டு துண்டாகவும் கிடக்கும். அவற்றுக்குள்ளேயே வரிகள் ஓடும், பல வேளைகளில் கார்னெட் மணிகளும் தெரியும். மாறாக, உருமாற்றத்துக்குப் பிந்திய டைக் நேர்கோடாக, ஒரே அகலத்தில், உள்ளே வரிகளின்றி, விளிம்பு கூர்மையாக நிற்கும். பட்டை எந்த நிறம் என்று கேட்பதைவிட, சுற்றுப்பாறை பட்ட பாட்டை அதுவும் பட்டிருக்கிறதா என்று கேட்பதே பயன் தரும்.

இவ்வளவும் முந்தியது எது, பிந்தியது எது என்பதை மட்டுமே சொல்லும். எத்தனை கோடி ஆண்டு என்ற எண் வேண்டுமானால் கதிரியக்கத்தை, அதாவது சில அணுக்கள் மாறாத வேகத்தில் தாமாகச் சிதைந்து வேறு அணுக்களாவதை, நாட வேண்டும். அதற்கான பொருள் நம் மாவட்டத்துக் கடற்கரையிலேயே குவிந்து கிடக்கிறது என்பது குமரி மக்களுக்கு மகிழ்ச்சி தரத்தக்க செய்தி. மணவாளக்குறிச்சிக் கரையின் கறுப்பு மணலில் இல்மனைட், ரூட்டைல், கார்னெட், சில்லிமனைட் ஆகியவற்றோடு சிர்கானும் மோனசைட்டும் உள்ளன. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு இங்கே மோனசைட் இருப்பதை அறிந்தார். வாயு விளக்கின் வலைக்குத் தேவையான தோரியத்துக்காக அப்போது அது தேடப்பட்டது. மலைப்பாறைகள் சிதைந்து, ஆறுகள் சுமந்து வந்து, அலைகள் கனமானதைப் பிரித்து ஒதுக்கியதன் விளைவே இந்த மணல். பாறையின் வயதைச் சொல்லும் கனிமங்களில் முதலிடம் பெறுபவை இந்தச் சிர்கானும் மோனசைட்டும்தான்.

சிர்கான் படிகம் வளரும்போது யுரேனிய அணுக்களைத் தன் அமைப்புக்குள் ஏற்றுக்கொள்கிறது, ஈய அணுக்களையோ ஏறத்தாழ முற்றிலும் ஒதுக்கிவிடுகிறது. ஆகவே பின்னாளில் அதற்குள் காணப்படும் ஈயம், யுரேனியம் சிதைந்து உண்டானதாகத்தான் இருக்க வேண்டும். யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். யுரேனியம்-235 பாதியாகக் குறைய சுமார் 70 கோடி ஆண்டுகளே போதும். 55 கோடி ஆண்டு வயதுள்ள படிகத்தில் முன்னதில் ஏறத்தாழ 8 விழுக்காடும், பின்னதில் ஏறத்தாழ 42 விழுக்காடும் ஈயமாகியிருக்கும். 200 கோடி ஆண்டு வயதுள்ளதில் இவை முறையே 27 விழுக்காடாகவும் 86 விழுக்காடாகவும் இருக்கும். ஒரே படிகத்துக்குள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள் இருப்பதால், இரண்டும் ஒரே வயதைக் காட்டுகின்றனவா என்று அங்கேயே சரிபார்த்துக்கொள்ள முடிகிறது. பொருந்தாவிட்டால் இடையில் ஈயம் கசிந்திருக்கிறது என்று அறியலாம். ஈயத்தின் அளவைக் கொண்டு பாறைகளின் வயதைக் கணிக்கும் முயற்சியை ஆங்கிலேயப் புவியியலாளர் ஆர்தர் ஹோம்ஸ் 1911-இல் வெளியிட்டார். மோனசைட்டில் தோரியத்தின் கடிகாரமும் சேர்ந்து ஓடுகிறது. நம் கடற்கரை மோனசைட்டின் எடையில் சுமார் 8 முதல் 10 விழுக்காடு தோரியம் ஆக்சைடு என்பதால், அளப்பதற்கு அங்கே பொருளுக்குக் குறைவில்லை.

பாறை உருமாறினாலும் சிர்கான் எளிதில் அழிவதில்லை. 900 டிகிரி வெப்பத்தையும் தாங்கி நின்று, தன் மேல் ஒரு புதிய உறையை வளர்த்துக்கொள்கிறது. அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாத ஒரு படிகத்தை வெட்டி மெருகிட்டு, மின்னேற்றம் பெற்ற அணுக்களின் நுண்ணிய கற்றையை அதன் நடுவில் ஓரிடத்திலும் ஓரத்தில் ஓரிடத்திலும் செலுத்திப் பார்த்தால், நடுவில் 200 கோடியை ஒட்டியும் ஓரத்தில் 55 கோடியை ஒட்டியும் வயது கிடைப்பது இப்படித்தான். முழுப் படிகத்தையும் கரைத்து அளந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் எண் வரும். அந்த எண்ணில் எந்த நிகழ்வும் நடந்திராது. பழைய நூல்களில் காணப்படும் வயதுகளை அப்படியே எடுத்து எழுதுவதற்கு முன், அவை எந்த முறையில் கிடைத்தவை என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

குமரி மாவட்டத்திலேயே நன்கு வயது கணிக்கப்பட்ட ஊடுருவல் ஒன்று உண்டு. மேற்குப் பகுதியில் உள்ள, ஆய்வுகளில் புட்டேட்டி சயனைட் என்று குறிக்கப்படும் பாறை அது. சயனைட் என்பது கிரானைட்டைப் போன்றே தோன்றினாலும் குவார்ட்ஸ் மிகக் குறைவாகவோ இல்லாமலோ, ஃபெல்ஸ்பார் மிகுந்தும் இருக்கும், ஆழத்தில் குழம்பு உறைந்து உண்டான பாறை. புட்டேட்டியின் சிர்கான் படிகங்கள் வழக்கத்துக்கு மாறாகப் பெரியவை, கண்ணால் கண்டு கையால் எடுக்கக் கூடியவை. அவற்றின் யுரேனியம்-ஈய வயது சுமார் 57 கோடி ஆண்டுகள். சுற்றுப்பாறையின் உருமாற்றம் சுமார் 55 கோடி என்று மேலே சொன்னதை நினைவில் வைத்திருப்பவர்கள், இளையதாக இருக்க வேண்டிய ஊடுருவல் எப்படி மூத்ததாக வந்தது என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. உருமாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்து முடிந்த ஒன்றல்ல. கண்டங்கள் மோதித் தடித்த மேலோடு சில கோடி ஆண்டுகள் சூடாகவே இருந்தது, 55 கோடி என்பது அந்த நெடிய காலத்தின் ஓர் அடையாள எண்தான். அந்த வெப்பக் காலத்திலேயே சயனைட் குழம்பும் வந்து சேர்ந்திருக்கிறது. அதன் சுற்றுப்பாறையோ, பாறையாகப் பிறந்த வகையில் அதைவிட வெகு மூத்தது.

கறுத்த டோலரைட் டைக்குகளின் வயதைக் கணிப்பது இவ்வளவு எளிதல்ல. அத்தகைய குழம்பில் சிர்கான் அரிதாகவே உருவாகிறது. பாடெலைட் என்ற கனிமம் சிறு சிறு தகடுகளாகக் கிடைத்தால் அதில் யுரேனியம்-ஈய முறையைப் பயன்படுத்தலாம். கிடைக்காவிட்டால் பொட்டாசியம்-ஆர்கான் கடிகாரத்தையும் அதன் திருந்திய வடிவங்களையும் நாடுவார்கள். பொட்டாசியம்-40 பாதியாகக் குறைய சுமார் 125 கோடி ஆண்டுகள் ஆகும். அதிலிருந்து பிறக்கும் ஆர்கான் ஒரு வாயு என்பதால், குழம்பு உருகிய நிலையில் இருக்கும்வரை அது வெளியேறிவிடும், உறைந்த பிறகே சேரத் தொடங்கும். அந்த வாயுத் தன்மையே தொல்லையும் தருகிறது. பின்னர் கல் சூடேறினாலோ மழையில் மக்கினாலோ ஆர்கான் கசிந்து வயது குறைவாகத் தெரியும். சுற்றியுள்ள பழைய பாறையிலிருந்து ஆர்கான் புகுந்தால் வயது கூடுதலாகத் தெரியும். நம் பக்கத்து மழையில் பாறைகள் ஆழமாக மக்குவதால், வயது கணிக்க எடுக்கும் கல் உள்ளிருந்து எடுத்த, மக்காத புதுக்கல்லாக இருப்பது மிக முக்கியம்.

இந்த முறைகளால் கேரளத்தின் நடுப்பகுதியில் உள்ள சில டைக்குகளுக்கு 7 கோடி ஆண்டுகளை ஒட்டிய வயது கிடைத்திருக்கிறது. அது தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பரவிய சுமார் 6.6 கோடி ஆண்டுக் காலத்துக்கு அருகில் வருகிறது. கர்நாடகத்தின் மால்பே கடற்கரைக்கு அப்பால் உள்ள செயின்ட் மேரி தீவுகளின் எரிமலைப் பாறைகள் அதற்கும் முந்தியவை, சுமார் 8.5 முதல் 9 கோடி ஆண்டுகள். மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலமும் அதுவே. கண்டங்கள் இணைந்த காலத்தில் வெளிறிய கொடிகளும் சயனைட்டும் வந்தன என்றால், அவை பிரிந்த காலத்தில் மேற்குக் கரையோரமாக இந்தக் கறுத்த டைக்குகள் வந்தன. இணைவில் மேலோடு தடித்துச் சூடேறி உருகுகிறது, பிரிவில் அது மெலிந்து மூடகம் உருகுகிறது. முன்பு சொன்ன இரண்டு வகைப் பிறப்புகளும் இவ்வாறு இரண்டு வேறு காலங்களில் அமைந்தன.

பார்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். மழையில் கறுத்துப் பாசி படிந்த இயற்கையான பாறை முகத்தைவிட, அலைகள் கழுவிய கடற்கரைப் பாறையிலும் புதிதாக வெட்டிய முகத்திலும்தான் விளிம்புகள் தெளிவாகத் தெரியும். முட்டம் போன்ற இடங்களில் கடல் வற்றமாக இருக்கும் நேரத்தில் சென்றால் நன்று. பட்டையின் அகலம், அது ஓடும் திசை, சுற்றுப்பாறையின் வரிகளோடு அது செய்யும் கோணம், விளிம்பில் மணியின் அளவு ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுக்க வேண்டும். இயங்கும் குவாரிக்குள் அனுமதியின்றி நுழைவது ஆபத்தானது. சிதறால் மலை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் சுத்தியலைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும், அங்கே கண்ணும் கைவில்லையும் போதும்.